மொட்டைத் தலைக்குப் பயந்த அண்ணனுக்கு

என் பாசத்துக்குரிய அண்ணே,

உனக்கு வந்த அதே புராஸ்டேட் புற்றுநோய் எனக்கும் வந்து, ஆபரேஷனில் அடங்கி, இப்போது திரும்பவும் தலைதூக்கியிருக்கிறது. ஆயக்குடிக் கொய்யாத் தோப்பை நான் உனக்கு விட்டுக்கொடுத்தேன். நீ எனக்கு இதை விட்டுக்கொடுத்திருக்கிறாய்.

மதுரை டாக்டர் அன்று உன்னிடம் சொன்னதையே என்னிடமும் சொன்னார். "ஹார்மோன் ஊசி போடத்தான் போறோம். கீமோவையும் இப்பவே சேத்துப் பாக்கலாம். தெம்பு இருக்கறப்பவே கொடுத்தா ஒடம்பு தாங்கும். ஆனா பலன் இம்புட்டுன்னு உறுதி சொல்ல முடியாது."

அன்றைக்கு ஊர் திரும்பும் வழியில் செம்பட்டியில் பஸ் நின்றது. டீக்கடையில் என்னிடம் கேட்டாய்.

"முடி கொட்டிருமாம்லே. வசந்தி கல்யாணத்துக்குத் தேதி குறிச்சாச்சு. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்னாகும்? நீ என்ன சொல்றே?"

"கல்யாணம் முடியட்டும்ணே."

சொன்னது நான்தான்.

கல்யாணம் முடிந்தது. வளைகாப்பும் ஆகட்டும் என்றாய். அதற்குள் நோய் எலும்புக்குப் போய்விட்டது; கீமோவைத் தாங்க உடம்பில் ஒன்றுமில்லை. முன்பே கொடுத்திருந்தால் இருந்திருப்பாயா? டாக்டருக்கே தெரியவில்லை. எனக்கு அதுகூட ஆறுதலாக இல்லை.

போன மாதம் உன் மகள் வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாள்.

"பழனிக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு மொட்டைக்கா பயந்தீங்க? வேண்டுதல், முடி எறக்குனேன்னு சொன்னா எவன் கேக்கப்போறான் சித்தப்பா?"

பஸ் பஸ்ஸாக மொட்டைத் தலைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நம் இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லையே!

இப்போது என் மகள் செல்விக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறோம். வசந்தி சொன்ன பொய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் ஒளித்து ஒளித்துத்தானே உன்னை இழந்தேன்? மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போன் போட்டு நோயைச் சொல்லிவிட்டேன். "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றார்கள். எட்டு நாளாகிறது, பதில் இல்லை.

"அவங்க வந்தா வரட்டும்ப்பா. நீங்க கீமோ தேதிய மாத்தக் கூடாது" என்கிறாள் செல்வி.

வியாழக்கிழமை ஆரம்பம். வசந்தி துணைக்கு வருகிறாள். பயமாகத்தான் இருக்கிறது. உன்னைத் தள்ளிப்போடச் சொன்ன இதே வாயால் சொல்கிறேன், அண்ணே: யாருக்காகவும் தள்ளிப்போட மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவன்,
ராசு