தையற்காரம்மா சொன்ன விடை

மார்ச் 4, செவ்வாய்

வானொலி வினாடி வினாவின் அரையிறுதி. ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, நான் எழுதிய கேள்விகளை அறிவிப்பாளர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கொலம்பஸ் கிளம்பும் முன் அவருடைய திட்டத்தை அறிஞர்கள் மறுத்தது ஏன்? போட்டியாளர்களில் ஒருவரான தையல்கடைக்கார அம்மா யோசிக்கவே இல்லை.

"தூரம் ரொம்ப அதிகம்ங்க. போய்ச் சேர்றதுக்குள்ள சாப்பாடும் தண்ணியும் தீர்ந்துடும்."

அறிவிப்பாளர் என் தாளைப் பார்த்தார். "உலகம் தட்டைன்னு நினைச்சாங்கம்மா, அதான் காரணம். நீங்க கப்பலுக்குச் சமையல் கணக்குப் போட்டுட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஒரே புள்ளியில் தோற்றார். போகும்போது, "நான் சொன்னது தப்பில்லைங்க" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 5, புதன்

அந்தக் குரல் விடவில்லை. நூலகத்தில் மூன்று புத்தகங்களைப் புரட்டினேன். மூன்றும் தையற்காரம்மா பக்கம். உலகம் உருண்டை என்பது படித்தவர்களுக்கு அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தெரியும். கொலம்பஸ்தான் உலகத்தைச் சிறிதாகக் கணக்கிட்டிருந்தார். நடுவில் ஒரு கண்டம் குறுக்கிட்டதால் பிழைத்தார்.

எனக்கு மட்டும் எப்படி 'தெரிந்தது'? எந்தப் புத்தகமும் இல்லை. பள்ளிப் பாடத்தில் ஒரு படம் – கடலின் விளிம்பில் கப்பல் சரிந்து விழும். அவ்வளவுதான்.

ஒவ்வொரு விடைக்கும் எதிரே நூலும் பக்கமும் குறிக்க வேண்டும் என்பது நிலைய விதி. இதற்கு எதிரே 'அனைவரும் அறிந்தது' என்று எழுதியிருக்கிறேன். அழகான கையெழுத்தில் வேறு.

மார்ச் 6, வியாழன்

தயாரிப்பாளரிடம் சொன்னேன்.

"யாராவது போன் பண்ணாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப விடும்மா. உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி இப்பத்தான் எழுதிப் போட்டிருக்கேன். நீயே குழி தோண்டிக்காத."

வீட்டில் அக்கா: "ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி கப்பல் ஏறின ஆளுக்காக நீ வேலைய விடப் போறியா?"

அவருக்காக இல்லக்கா என்றேன்.

மார்ச் 8, சனி

சொல்லாம விட்டா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. அதுதான் பயமா இருக்கு. அந்தக் கப்பல் படமும் இப்படித்தானே இத்தனை நாள் ஓடியிருக்கு – யாரும் போன் பண்ணாம.

மார்ச் 10, திங்கள்

நிலைய இயக்குநரிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். மூன்று புத்தகங்களின் பக்கங்களும் இணைப்பு.

மார்ச் 18, செவ்வாய்

இறுதிப் போட்டி. முதலில் திருத்தத்தை வாசித்தார்கள். தையற்காரம்மாவையும் போட்டியில் சேர்த்துக்கொண்டார்கள்.

கேள்விகள் இப்போது வேறொருவருடையவை. நேற்று முதல் நான் ஒலிப்பதிவுக் கிடங்கில் பழைய நாடாக்களுக்குப் பட்டியல் எழுதுகிறேன். நிரந்தரம் பற்றிப் பேச்சே இல்லை. போட்டியை அங்கிருந்த வானொலிப் பெட்டியில்தான் கேட்டேன். இரண்டாம் சுற்றிலேயே, ஒரு எரிமலைக் கேள்வியில், தையற்காரம்மா வெளியேறினார்.

படிக்கட்டில் எதிர்ப்பட்டார். கடிதம் எழுதியது நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"வருத்தமா இருக்காம்மா?" என்றேன்.

"இது எனக்கு நிஜமாவே தெரியாது கண்ணு. தெரியாம தோத்தா வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்."

நாலு படி இறங்கியவர் திரும்பி, என் சட்டைத் தோளில் தையல் விட்டிருப்பதைக் காட்டினார்.

"சனிக்கிழமை கடைக்குக் கொண்டா."