மண்பிள்ளையின் கண்

செஞ்சி, 9-5-1966

பச்சையம்மாளுக்கு,

குழந்தை பிறந்தால் அம்மன் கோயிலில் மண்பிள்ளை வைப்பதாக நாம் வேண்டிக்கொண்டோமே, அதைச் செய்துவிட்டேன். சிங்கவரம் ஏரி மண். மூக்கு எங்கள் நைனாவுடையது, மோவாய் உன்னுடையது. கை தானாகவே அப்படிப் பிடித்துவிட்டது.

கண்ணைக் கடைசியில்தானே திறப்போம், அது மட்டும் பாக்கி. அவன் பிறந்த அன்று சூளையை விட்டு வர எனக்கு மனமில்லை. மறுநாள் உன் அம்மா வீட்டுக்கு வந்தபோது அவனைப் புதைக்கத் துணியில் சுற்றியிருந்தார்கள்; கண் மூடியிருந்தது. அவன் விழித்ததைப் பார்த்தவள் நீ ஒருத்திதான். யாருடைய கண் அவனுக்கு?

மண் காய்ந்தால் கண் செதுக்க முடியாதென்று தினமும் ஈரத்துணி போர்த்திவைத்தேன்.

நேற்று பஸ் ஸ்டாண்டில் உன் தம்பி சொன்னான்: "அக்கா உங்க கடுதாசியப் பிரிக்கிறதே இல்ல மாமா."

இன்று துணியை நனைக்கவில்லை.

இப்படிக்கு,
அவன் நைனா