வசந்தா ஃபோனில் பதினொன்றரை

ஆவணி 23, திங்கள்
மேகமூட்டம். மழை இல்லை. வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர், அதுவும் முறை வைத்துத்தான். முறைப் பட்டியலுக்கு நான் செய்த இணையப் பக்கத்தை எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். எட்டுப் பேர், எட்டு நாற்றங்கால். ஆளுக்கு ஒரு நாள், காலை ஆறு முதல் பதினொன்று வரை. நாளை வசந்தா, வெள்ளி நாங்கள். என் கணினியில் இரண்டு பிரௌசரிலும் பார்த்தேன். சரி.
பிரஷர் மாத்திரை தீர்ந்தது. வாங்க வேண்டும்.

ஆவணி 24, செவ்வாய்
வெயில். பதினொன்றேகாலுக்கு மதகுப் பக்கம் போனேன். அப்போதுதான் வசந்தா மண்வெட்டியோடு வருகிறாள். மதகைத் திறந்து மூடும் லஸ்கர் முருகையன் ஷட்டரை இறக்கியாயிற்று.
முருகையன்: "என்னக்கா, நல்ல தூக்கமா?"
"ஃபோன்ல பதினொன்றரைன்னுதான் போட்டிருக்கு."
எட்டுப் பேரில் ஒருவனான கோவிந்தராஜன்: "ஃபோனும் சேந்து தூங்கிடுச்சு போல."
சிரிப்பு. வசந்தா என்னைப் பார்த்தாள். என் ஃபோனை நீட்டி, "ஆறுன்னுதான் இருக்கும்மா" என்றேன். எல்லோர் முன்னாலும். மண்வெட்டியோடு திரும்பிப் போனாள். அடுத்த முறைக்கு எட்டு நாள். அவள் விதை முளைவிட்டிருக்கிறது, அதுவரை தாங்காது.
அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ. ஆனால் ஆறுதானே இருந்தது.

ஆவணி 25, புதன்
புழுக்கம். காரணங்களை எழுதிப் பார்த்தேன்.
1. தவறாகப் படித்தாள்.
2. பொய் சொல்கிறாள்.
3. என் பக்கம் தவறு.
மூன்றாவதை எழுதக் கை வரவில்லை. எழுதினேன்.
சாயங்காலம் அவள் வீடு. வாசல் வரை போய்த் திரும்பி, மறுபடி போனேன். சிங்கப்பூரில் இருக்கும் அவள் மகன் கழித்துப்போட்ட பழைய ஃபோன். பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். 11.30 முதல் 4.30 வரை. அவள் படித்தது சரி.
ஐந்தரை மணி வித்தியாசம். பார்த்த உடனே புரிந்துவிட்டது, தப்பு என்னுடையது. "பாக்குறேன்மா" என்று மட்டும் சொல்லி வந்துவிட்டேன். கோழை.

ஆவணி 26, வியாழன்
தேதியையும் மணியையும் ஒரே வரியாக எழுதி, படித்துக்கொள்ளும் வேலையை பிரௌசரிடம் விட்டிருந்தேன். எந்த ஊர் நேரம் என்று எழுதவில்லை. புதிய பிரௌசர்கள் நம் ஊர் ஆறு என்று எடுத்துக்கொண்டன. அவள் ஃபோனில் இருக்கும் பழையது இங்கிலாந்தின் கிரீன்விச் நேரப்படி ஆறு என்று எடுத்து, நம் ஊருக்காக ஐந்தரையைக் கூட்டிக் காட்டியது. நாற்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன். என்னிடம் இருந்த இரண்டில் மட்டும் பார்த்துவிட்டு ஊருக்கே சரி என்றேன்.
திருத்தம்: வரியை நானே பிரித்து, வருடம், மாதம், நாள், மணி, எல்லாம் தனித்தனி எண்ணாகக் கொடுத்தேன். மாதத்தை மட்டும் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டுமாம். தேதியை ஒன்றிலிருந்து. ஏனோ.
மறுபடி அவள் வீட்டுக்கு. இப்போது ஆறு காட்டுகிறது. உள்ளதைச் சொன்னேன். நாளைய எங்கள் முறையை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.
"தண்ணி குடுங்க சார், வேணாங்கல. ஆனா அன்னிக்கு எல்லாரு முன்னாடியும் என்னைப் பொய்க்காரி ஆக்குனீங்க. இப்ப வீடு தேடி வந்து என் காதுல மட்டும் சொல்றீங்க."
வீட்டில் மனைவி கமலாவிடம் முறையைக் கொடுத்ததையும் வசந்தா கேட்டதையும் சொன்னேன். "நம்ம நாத்துக்கு கம்ப்யூட்டர்லேர்ந்து பாய்ச்சுவீங்களா?" பிறகு அவளே, "சரி, போங்க. தப்பு உங்களதுன்னு மதகுலயே எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வாங்க."
வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அழித்தேன். நான்கு தடவை.
மாத்திரை வாங்கவில்லை.

ஆவணி 27, வெள்ளி
ஐந்தரைக்கே மதகு. தூறல். வசந்தா எனக்கு முன்பே வந்து மடையை வெட்டி வைத்திருந்தாள். முருகையன், கோவிந்தராஜன், இன்னும் நான்கு பேர். ஆறு மணிக்கு ஷட்டர் ஏறியது. சொன்னேன். வசந்தா அன்று ஃபோன் காட்டிய நேரத்துக்குத்தான் வந்தாள், தப்பு நான் செய்த பக்கத்தில் என்று.
கோவிந்தராஜன் காதில் கை வைத்து, "தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கல சார்."
அவனுக்குக் கேட்டிருக்கும். இருந்தாலும் மறுபடி சொன்னேன். சத்தமாக.