நீல நூல் போய்ச் சேர்ந்த பாறை

டீச்சர், இன்று காலை கிழிந்த வலையைத் தைக்க உட்கார்ந்தபோது, பையின் அடியில் அந்த நீல நைலான் நூல் கையில் பட்டது. உப்பும் டீசலும் கலந்த அதே வாசனை. உங்கள் வகுப்பறை அப்படியே கண்முன் வந்து மிதந்தது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல, பேத்தி ஷாலினி எழுதுகிறாள்.

இவள் உங்களிடம் படித்தபோது ஒருநாள், வகுப்புக்கு நூல் வேண்டும் என்று இவளிடம் சொல்லியனுப்பியிருந்தீர்கள். நானும் என் தம்பியும் கொண்டுவந்தோம். கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு சார்ட்டில் வரைய விட்டிருந்தீர்கள். ஒருத்தி மீன் ஏலம். ஒருவன் துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசை. சார்ட்டுக்குச் சார்ட் எங்கள் நூலைக் கட்டி, "இதைத் தொட்டா அங்க போகலாம். வெப்சைட்னா இவ்ளோதான்" என்றீர்கள். ஜன்னல் காற்றில் நூலெல்லாம் அசைந்தது. வாசலில் நின்ற எனக்குக் காலடியில் அலை இருப்பதுபோல் இருந்தது.

ஷாலினி வரைந்தது எங்கள் பாறையை. கடலுக்குள் மீன் அடையும் பாறை. கரையில் எதற்குப் பின்னால் எது மறைகிறது என்று பார்த்துத்தான் அந்த இடத்தைப் பிடிப்போம். சொந்தப் படகு ஆளைத் தவிர எவனுக்கும் அதைச் சொல்வதில்லை. வீட்டில் காதில் விழுந்ததை வைத்து, அவள் அந்த அடையாளத்தையும் ஓரத்தில் வரைந்துவிட்டாள். மறுநாள் பெற்றோர் வந்து பார்ப்பார்கள். அப்புறம் அது வெப்சைட்டில் ஏறும், உலகமே பார்க்கும்.

தம்பி எகிறினான். "இன்னா டீச்சர் இது! எங்க சோத்துப் பானையத் தொறந்து ஊருக்கே காட்டிக்கினு கீறீங்க? நாளைக்கு அல்லாரு போட்டும் அங்கதான் வந்து நிக்கும்!"

ஷாலினி சார்ட்டைக் கட்டிக்கொண்டு அழுதாள். "கிழிச்சிடாத சின்னத் தாத்தா."

நீங்கள் யாரையும் கிழிக்க விடவில்லை. அடையாளம் இருந்த ஓரத்தின்மேல் நீலத் தாளை ஒட்டினீர்கள். அங்கே கட்டியிருந்த நூலை அவிழ்த்து அவள் விரலில் சுற்றினீர்கள். "பாறைய எல்லாரும் பாக்கட்டும்டா. வழி உங்கிட்டயே இருக்கட்டும்."

தம்பி மூக்கைச் சொறிந்துகொண்டு என்னிடம், "தோ, டீச்சரும் நம்ம போட்டு ஆளுதான்" என்றான்.

நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள்: "எனக்காவது சொல்லுங்க தாத்தா."

"போட்டுல வாம்மா, அங்க வெச்சு சொல்றேன்."

"ஐயோ, எனக்கு மீஞ்சூர் ரயில்லயே வாந்தி வரும்!"

கடைசிவரை நீங்கள் படகில் வரவில்லை. காய்ச்சல் என்று படுத்தவர், எழவே இல்லை.

சற்றுமுன் ஷாலினி போனில் அந்த வெப்சைட்டில் தன் பக்கத்தைக் காட்டினாள். பாறை இருக்கிறது. ஓரத்தில் வெறும் நீலம். தொட்டுப் பார்த்தேன், எங்கும் போகவில்லை. கரையில் நாங்கள் குறி பார்த்த புகைபோக்கியையும் இடித்துவிட்டார்கள். கண்ணை மூடினால் எனக்கு மட்டும் அது நிற்கிறது. படகு தானாகத் திரும்புகிறது, கீழே பாறை மெல்ல வருகிறது.

இப்போது சொல்கிறேன், டீச்சர். முதலில் வடக்கே பாருங்கள்.

ஷாலினி, எழுதினது போதும். பேனாவை மூடு. மீதியை நான் வாயால் சொல்லிக்கொள்கிறேன்.