குழந்தை டாக்டரின் ஆலோசனை குறித்து

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம், எங்கள் முழங்கால்கள் நாலும் நீங்கலாக. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். குழந்தை முன்னால் சைகையில் பேசினால் அவளுக்குப் பேச்சு வரத் தாமதமாகும், கொஞ்ச காலம் கையை அடக்கி வையுங்கள் என்று டாக்டர் சொன்னதாக நீ அனுப்பிய செய்தியை அம்மா மூன்று தடவை படித்தாள். பிறகு, கழுவி அடுக்கிய பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள். கொஞ்ச காலம்னா எவ்வளவு, காது கேக்காத நாம ரெண்டு பேரும் இருக்கிற வரைக்குமா என்று கேட்டாள். ஈரக் கையோட பேசாதே, தரையெல்லாம் தண்ணி தெறிக்குது என்று சொல்லித் தப்பித்தேன்.

இதற்கு நடுவில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியரும் அவரிடம் ஆராய்ச்சி செய்யும் பெண்ணும் நம் சங்கத்துக்கு வந்தார்கள், காது கேளாதவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். நாலு சனிக்கிழமை போயிற்று. கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் புள்ளி மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும். உன் அம்மா ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை, ஓரக்கண் பார்வை அபாரம் என்று பேராசிரியர் வியந்தார். செய்தித்தாள் படித்தபடியே நான் சர்க்கரை டப்பாவைத் திறப்பதைப் பிடித்துவிடுகிறவள் அவள், என்னைக் கேட்டிருந்தால் நாலு சனிக்கிழமையும் மிச்சமாகியிருக்கும். யோசிக்கும்போது படமாக யோசிக்கிறீர்களா சொல்லாகவா என்று என்னைக் கேட்டார்கள். பெரும்பாலும் கவலையாக யோசிக்கிறேன் என்றேன். அவர்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அந்தப் பெண் நம் மொழியைக் கையுறை மாட்டிக்கொண்டு பேசுவதுபோல் பேசுகிறாள், ஆனாலும் பேசுகிறாள். கடைசி நாள் அவளிடம் உன் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அது பழைய பயம் ஐயா, வீட்டுல ரெண்டு மொழி இருந்தா குழந்தை ரெண்டையும் எடுத்துக்கும், சைகையும் அப்படித்தான், உங்க பொண்ணுக்கு எப்போ பேச்சு வந்துச்சு என்று கேட்டாள். அது என்னிடம் கேட்கிற கேள்வியா. ஆனால் ஒன்றாம் வகுப்பில் உன் டீச்சர், இவள் வகுப்பில் வாயே மூடுவதில்லை, கண்டித்து வையுங்கள் என்று எழுதியனுப்பிய சீட்டு பீரோவில் இருக்கிறது. மற்றவர்கள் வெட்கப்பட்டுக் கிழித்துப் போடுவதை நாங்கள் நகையோடு வைத்திருக்கிறோம். நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், டாக்டரிடம் காட்டு.

எனக்கு இதற்குமேல் வாதாடத் தெம்பில்லை அம்மாடி. வங்கி, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் என்று ஒவ்வொரு ஜன்னலிலும் எங்களுக்கும் புத்தி உண்டு என்று நிரூபித்தே வயதாகிவிட்டது, சொந்த வீட்டிலும் ஒரு பரீட்சை பாக்கி இருக்கும் என்று நினைக்கவில்லை. போன ஞாயிறு வீடியோவில் குழந்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாய், எங்களிடம் பேச உனக்குக் கை மிச்சமில்லை. எல்லோரும் நலம் என்று மாப்பிள்ளை தட்டி அனுப்பினார். அம்மா ஆசையாகக் கையசைத்தாள், யாரோ கூப்பிட்டார்கள் போலிருக்கிறது, குழந்தை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. எங்க வீட்டுக்கு வந்தா இவ யார்கிட்ட தண்ணி கேப்பா என்றாள் அம்மா. பேத்தியின் வயதில் நீ தொட்டிலில் படுத்து விரலை மடக்கி விரித்து ஏதோ உளறிக்கொண்டிருப்பாய். அதற்கு அர்த்தமெல்லாம் கிடையாது. ஆனால் எங்களைப் பார்த்து உளறினாய், நாங்களும் பதில் சொன்னோம்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். குளிரில் காதை மூடிக்கொள், நம் வீட்டில் வேலை செய்கிற காது உன்னுடையது மட்டும்தான். மறக்காமல் ஒன்று செய். வரும் ஞாயிறு போனைக் கொஞ்சம் தள்ளி வை. முகம் பார்த்தாயிற்று. குழந்தையின் கை எங்களுக்குத் தெரிய வேண்டும்.

அம்மா படித்துச் சரி என்ற பிறகே கையெழுத்திடும்,
அப்பா