க்ளின்டன் தெரு மாடியில் கடைசி வால்ட்ஸ்

பஃபலோ
28 பிப்ரவரி 2019, வியாழன்

செஸ்டருக்கு,

ஷூவை மாட்டுவதற்கு முன் உள்ளே கையை விட்டுப் பார் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். நம் மகள் டெனிஸ் ராச்செஸ்டரில் வீடு மாறிய செய்தியை எழுதி உள்ளே வைத்திருந்தேன். நீ அதை மிதித்துக்கொண்டே ஒரு முழு போல்கா ஆடி முடித்துவிட்டு, "ஐரீன், ஷூ கடிக்குது" என்றாய். இந்தக் கடிதத்தையாவது ஆடுவதற்கு முன் படி.

கட்டடம் விற்றுப் போயிற்று. கட்டடத்துக்காரர் ஸ்டான் கிழவர் இறந்ததிலிருந்து, அவர் மகள் மாடிப்படி ஏறி வந்தாலே இதைச் சொல்லத்தான் வருகிறாள் என்று நினைப்பேன். இன்று மத்தியானம் வந்தாள். "சின்னப் புள்ளைல நானும் இங்கதான ஆடக் கத்துக்கிட்டேன் ஆன்ட்டி. ஆனா இந்தக் கூரைய மாத்த எனக்கு சக்தி இல்ல" என்று சொல்லி அழுதுவிட்டாள். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. வாங்கியவர்கள் மேலேயும் கீழேயும் குடியிருப்பு கட்டப் போகிறார்களாம். ஏப்ரல் கடைசிவரை நம் ஸ்டூடியோ நம்மிடம் இருக்கும். ஈஸ்டர் கழிந்து வரும் வியாழன்தான் கடைசி நடன வகுப்பு.

அவள் போனதும் ஈரத்துணியை எடுத்தேன். போன வாரம் நீ, பனி உருகத் தெருவில் தூவும் உப்பு ஒட்டிய பூட்ஸோடு நடந்த இடத்தைத் துடைத்தேன். விற்றுப்போன தரையை ஏன் துடைக்கிறோம் என்று பாதியில் தோன்றியது. ஆனாலும் முழுவதும் துடைத்து முடித்தேன்.

வகுப்பில் இப்போதைக்குச் சொல்லாதே. நம்மிடம் ஆட வரும் ரேமண்ட் நோவாக்கின் காதில் விழுந்தால், நாளைக்கு வெள்ளிக்கிழமை மீன் வறுவல் வாங்க வரிசையில் நிற்கும் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

இன்று ஆடும்போது என் முகத்தைப் பார்க்காதே. ஆடும் தளத்தில் ஆட்டத்தைத் தவிர எதையும் பேசக்கூடாது, மற்றதெல்லாம் ஷூவுக்குள் வைக்கும் கடிதத்தில்தான் என்று விவாகரத்தான அன்று நாம் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். பதினோரு வருஷமாக அது நம்மைச் சேர்ந்து வேலை செய்ய விட்டிருக்கிறது. இன்றைக்கும் அதைக் காப்பாற்று.

ஐரீன்

&nbsp;

7 மார்ச் 2019, வியாழன்

அன்புள்ள ஐரீனுக்கு,

இந்தத் தடவை கையை விட்டுப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

நீ முகத்தைப் பார்க்காதே என்றதால் நான் உன் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு ஆடினேன். ரேமண்ட் விடுவானா? "என்னப்பா, இன்னைக்கு சுவத்தோடவா ஜோடி?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீ மட்டும் இசைத்தட்டை மாற்றப் போய்விட்டாய்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். வாரத்தில் மற்ற நாளெல்லாம் நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பஸ் டிரைவர். டிவியோடு வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருக்கிறவன். வியாழன் சாயங்காலம் நீ என் தோளில் கையை வைத்ததும்தான் நானும் ஒரு நல்ல மனுஷன் என்று எனக்கே தோன்றுகிறது. இந்த ஸ்டூடியோ போனால் வியாழனும் போய்விடும். அப்புறம் நீயும் நானும் மளிகைக் கடையில் எதிர்ப்பட்டால் தலையாட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். நமக்குள் வேறு என்ன மிச்சம் இருக்கிறது, சொல்லு. இதை நினைத்தால்தான் எனக்கு மூச்சு முட்டுகிறது.

பக்கத்து ஊர் சீக்டவாகாவில் தீயணைப்புக்காரர்களின் கூடம் வியாழக்கிழமைகளில் காலியாக இருக்கிறதாம். ஓடு பதித்த தரை, கொஞ்சம் வழுக்கும். ஆனால் வண்டி நிறுத்த இடம் தாராளம், பக்கத்திலேயே பியரும் கிடைக்கும். மே மாதத்திலிருந்து வகுப்பை அங்கே கொண்டு போகலாமா? யோசித்துச் சொல்லு.

தவக்காலத்துக்காக இனிப்பை விட்டிருக்கிறேன். ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் ஆளைக் காக்க வைக்காதே.

அன்புடன்,
செஸ்டர்

&nbsp;

21 மார்ச் 2019, வகுப்பு முடிந்த கையோடு

செஸ்டர்,

அன்புள்ள என்று எழுத வரவில்லை. அடுத்த வியாழன்வரை பொறுக்க முடியாமல், நீ வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகும் பூட்ஸுக்குள்ளேயே இதை வைக்கிறேன்.

எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது கைதட்டிக் கூப்பிட்டு என்ன சொன்னாய்? "மக்களே, ஸ்டூடியோவ வித்துட்டாங்க. யாரும் மூஞ்சியத் தொங்கப் போடாதீங்க. மே மாசத்துலேர்ந்து நானும் ஐரீனும் தீயணைப்புக் கூடத்துல கிளாஸ் எடுக்கிறோம்!" நானும் ஐரீனும்! ஐரீனை யார் கேட்டார்கள்?

ரேமண்ட் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன் ஐரீன். நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்கல்ல, அது போதும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். மனைவி இறந்துபோன பிறகு அவன் இந்த மாடிக்கு வருவதற்காகத்தான் சவரமே செய்துகொள்கிறான் என்று உனக்குத் தெரியும். அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நான் எப்படி இல்லை என்று சொல்வது?

நான் நிறுத்தப் போகிறேன். முழங்கால் வலிக்கிறது, உண்மைதான், ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். இந்த மரத்தரையில், இந்த ஜன்னல்களுக்கு நடுவில் சொல்லிக் கொடுப்பது எனக்குப் பிடித்திருந்தது. இது முடியும்போது நானும் முடித்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். நீ மூச்சு முட்டுகிறது என்று எழுதியதைப் படித்துவிட்டு இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் பதில் வைக்காமல் இருந்தேன். அந்த இடைவெளிக்குள் நீ ஊருக்கே அறிவித்துவிட்டாய்.

நாம் குடும்பம் நடத்தியதும் இப்படித்தான். டெனிஸ் எந்தப் பள்ளிக்கூடம், நாம் எந்த வீடு, கோடைக்கு எந்த ஏரிக்கரை, எல்லாம் அடுத்தவர்களிடம் நீ சொல்லும்போது பக்கத்தில் நின்று நானும் தெரிந்துகொள்வேன். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். இனிமேல் அந்தச் சிரிப்பு என்னால் ஆகாது.

ஐரீன்

&nbsp;

28 மார்ச் 2019, வியாழன்

அன்புள்ள ஐரீனுக்கு,

ஒரு வாரமாக யோசித்து, எப்படி இந்த மடத்தனத்தைச் செய்தேன் என்று கண்டுபிடித்துவிட்டேன். கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும், இல்லாவிட்டால் இன்னும் கோபம் வரும்.

தளத்தில் நான் உன்னை ஒரு பக்கம் திருப்பப் போகும்போது முதலில் கையால் லேசாகக் கேட்பேன். வேண்டாம் என்றால் உன் கை கொஞ்சம் விறைக்கும். உடனே நான் வேறு பக்கம் போய்விடுவேன். கை இளக்கமாக இருந்தால் சரி என்று அர்த்தம். வகுப்பில் நாமே இதைத்தானே சொல்லிக் கொடுக்கிறோம்? என் கடிதத்துக்கு நீ பதில் வைக்கவில்லை. ஷூவுக்குள் கையை விட்டேன், ஒன்றும் இல்லை. எதிர்ப்பு இல்லை, ஆகையால் சரி என்றுதான் என் மரமண்டை எடுத்துக்கொண்டது. கடிதத்துக்குக் கை கிடையாது என்று எனக்கு உறைக்கவில்லை.

இன்று வகுப்பு தொடங்குமுன் எல்லாரிடமும் நானே சொல்லிவிடுகிறேன். ஐரீனைக் கேட்காமல் சொன்னது என் தப்பு, அவள் ஏப்ரலோடு விடைபெறுகிறாள், தீயணைப்புக் கூடத்தில் நான் தனியாகத்தான் இருப்பேன் என்று. ரேமண்ட் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இனி ஒரு கேள்வி. இதைக் கேள்வியாகத்தான் கேட்கிறேன். வியாழக்கிழமைகளில் உன் வீட்டுக்கு வரலாமா? சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளினால் இரண்டு பேர் வால்ட்ஸ் ஆட இடம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். வகுப்பு வேண்டாம், ஆள் வேண்டாம், ஒரு பாட்டு போதும். பதில் வராவிட்டால் எதுவும் செய்ய மாட்டேன். அசையாமல் நிற்பேன்.

செஸ்டர்

&nbsp;

4 ஏப்ரல் 2019, வியாழன்

செஸ்டருக்கு,

சிரிப்புதான் வந்தது. பஸ்ஸில் படித்தேன், பக்கத்தில் இருந்த பெண் என்னவென்று கேட்டாள். முன்னாள் புருஷன் என்றேன். அவளும் சிரித்தாள்.

நீ வகுப்பில் பேசியதைக் கேட்டுக்கொண்டு மாடிப்படியில்தான் நின்றேன். ஒரு இடத்திலும் ஜோக் அடிக்காமல் நீ பேசி நான் கேட்டதில்லை. ரேமண்ட் வெளியே வந்து, "நீ போ ஐரீன், நிம்மதியாப் போ. இவன மேய்க்கிறத நாங்க பாத்துக்கிறோம்" என்றான். அதன் பிறகுதான் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

உன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இது சரி என்று அர்த்தமில்லை, வேண்டாம் என்றும் அர்த்தமில்லை. எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரு ஆசை இருக்கிறது. ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் நீயும் நானும் ஆடும் அந்த வால்ட்ஸைக் கடைசி நாளில் நான் வழிநடத்துகிறேன். ஆம்பிளைகள் குறைந்த நாளில் பெண்களுக்கெல்லாம் வழிநடத்தச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உன்னோடு மட்டும் ஒரு தடவைகூட அப்படி ஆடியதில்லை. நீ பின்னால் நடக்கப் பழகிக்கொள். வீட்டில் நாற்காலிகளை ஒதுக்கி வைத்துவிட்டுப் பழகு.

ஐரீன்

&nbsp;

26 ஏப்ரல் 2019, வெள்ளி

அன்புள்ள ஐரீனுக்கு,

இதைத் தபாலில் அனுப்புகிறேன். உன் வீட்டு விலாசத்தை டெனிஸிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. "அப்பா, இத்தன வருஷமா அம்மா அட்ரஸ்கூடத் தெரியாதா?" என்றாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நேற்று யாரும் வீட்டுக்குப் போகத் தயாராக இல்லாததைக் கவனித்தாயா? பியரோகிக் கொழுக்கட்டை தீர்ந்து போயிற்று, காப்பி ஆறிப் போயிற்று. ஷூ அலமாரியிலிருந்து தங்கள் ஜோடியை எடுத்துக்கொண்டு போனால் முடிந்துவிடும் என்று எல்லாரும் அந்தப் பக்கமே போகாமல் நின்றார்கள். ரேமண்ட் ஜன்னல் ஜன்னலாகப் போய்ச் சாத்தினான், திறந்தான், மறுபடி சாத்தினான். கடைசியில் நீதான் ஒவ்வொருவர் ஷூவாக எடுத்து அவரவர் கையில் கொடுத்து, நெற்றியில் முத்தம் கொடுத்து அனுப்பினாய். அப்போது நான் அழுதேன். ஒட்டடை விழுந்தது என்று ரேமண்டிடம் சொன்னது பொய்.

வால்ட்ஸைப் பற்றி. நான் ஒழுங்காகப் பழகிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் நீ முன்னால் காலெடுத்து வைத்ததும் என் இடது காலும் என்னைக் கேட்காமல் முன்னால் போய்விட்டது. முட்டியோடு முட்டி இடித்து நீ "அய்யோ" என்றது ஏரிவரை கேட்டிருக்கும். "ரெண்டு பஸ்ஸும் ஒரே லேன்ல வருதுடோய்!" என்று ரேமண்ட் கத்தினான். முழங்கால் எப்படி இருக்கிறது?

இரண்டாவது தடவை சரியாகப் போயிற்று. சரி என்றால், நீ தள்ள நான் போனேன். பின்னால் யார் இருக்கிறார்கள், சுவர் எவ்வளவு தூரம் என்று ஒன்றும் தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கப் போனேன். "பாக்காத செஸ்டர். நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன்" என்றாய். அப்புறம் பார்க்கவில்லை. பாட்டு முடிகிறவரை பயந்துகொண்டேதான் இருந்தேன், ஆனாலும் நிற்க மனசில்லை. நீ இத்தனை காலமும் என்னோடு இப்படித்தான் போயிருக்கிறாய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை.

உன் வீட்டுக்கு வருவதைப் பற்றி மறுபடி கேட்க மாட்டேன். நேற்று உன் கை என்ன சொல்லிற்று என்று எனக்குப் புரியவில்லை. ஆகையால் நின்றுவிட்டேன்.

அன்புடன்,
செஸ்டர்

&nbsp;

29 ஏப்ரல் 2019, திங்கள்

அன்புள்ள செஸ்டருக்கு,

முழங்கால் வீங்கியிருக்கிறது. ஐஸ் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உனக்குப் பாவமாக இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

இன்று காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஸ்டானின் மகள் கடைசியாக ஒரு தடவை மேலே போய்ப் பார்க்கிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வியாழக்கிழமை இருந்த மாதிரியே அது என் மனசில் இருக்கட்டும். தெருவில் அழாமல்தான் நடந்து வந்தேன். ரொட்டிக் கடையில் வழக்கம்போல அரைப் பவுண்டு பிஸ்கட் கேட்டுவிட்டு, வகுப்புக்காரர்களுக்கு இனி வாங்க வேண்டியதில்லை என்று நினைவு வந்ததும் அங்கேயே அழுதுவிட்டேன். கடைக்காரப் பையன் பயந்துபோய் இன்னொரு அரைப் பவுண்டு சும்மா போட்டுக் கொடுத்தான்.

உன் கேள்விக்குப் பதில். வியாழக்கிழமை வராதே. ஆட வராதே.

ஆடினால் நாம் நன்றாகத்தான் இருப்போம், செஸ்டர். அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. பாட்டு முடிந்ததும் நீ தொப்பியை மாட்டிக்கொண்டு போவாய். நானும் என்னை ரொம்ப நல்லவள் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போவேன். அடுத்த வியாழன்வரை ஒருவரையொருவர் ஒன்றும் கேட்க வேண்டியிருக்காது. பதினோரு வருஷம் அப்படியே ஓட்டினோம். உன் மகளிடம் நீ என் விலாசம் கேட்கிற நிலைமைக்கு வந்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வா. முட்டைக்கோஸ் சூப் வைக்கிறேன், பிஸ்கட் ஏராளமாக இருக்கிறது. மேசை இருக்கும் இடத்திலேயே இருக்கும், பாட்டு கிடையாது. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்காருவோம். இரண்டு பேருக்கும் எங்கே கையை வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியாமல் இருக்கும்.

என்ன பேசுவது என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சூப் தீர்வதற்குள் சண்டை வந்தாலும் வரலாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

வா.

ஐரீன்