கலீஜும் பேஜாரும் ஒன்றல்ல

இன்று காலை திருவொற்றியூர் தேரடியில் பஸ்ஸுக்கு நின்றபோது மூக்கு எரிந்தது. அழுகிய முட்டையும் கருகிய ரப்பரும் கலந்த அந்த நாற்றம் உனக்குத் தெரியும். நின்றவர்கள் எல்லோரும் துப்பட்டாவாலும் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். எதிரே புதிதாக வைத்த மின்பலகையில் பச்சை எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. "காற்றின் தரம்: நன்று."

கூடையோடு பக்கத்தில் நின்ற பெண் என்னிடம் கேட்டாள். "இன்னாக்கா இது? இங்க மூச்சு வுட முடியல, போர்டு நல்லாகீதுன்னு சொல்லிகினு கீது. எவன் எய்தினது இத்த?"

நான்தான் எழுதினேன் என்று சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அப்போது ஏறின கோபம் இன்னும் இறங்கவில்லை. யார் மேல் என்று கேட்காதே. பலகை மேல், எங்கள் அதிகாரி மேல், என் மேல். கொஞ்சம் உன் மேலும்தான். மேசையில் ஒரு மெமோ கிடக்கிறது, நாளைக்குள் விளக்கம் எழுதித் தர வேண்டும். அதற்குத்தான் உட்கார்ந்தேன், பேனா உன் பக்கம் திரும்பிவிட்டது.

ராயபுரம் அலுவலகத்தில் நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். காற்று, கடல்நீர், மழை என்று வடசென்னை முழுக்க நிறுத்தியிருந்த கருவிகள் காட்டும் அளவுகளைச் சேர்த்து வைக்கிற இடம் அது. நான் உள்ளே, கணினி முன்னால். நீ வெளியே, ஸ்கூட்டியில், கருவிகளைத் துடைத்துக்கொண்டும் திட்டிக்கொண்டும். நீ எண்ணூர்க் குப்பத்தில் கடலுக்குப் போகிற வீட்டுப் பெண். நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. இரண்டு பேர் வாயிலும் ஒரே பேச்சுதான் இருந்தது. முதல் வாரமே நான் அதை வாசலில் செருப்பை விடுகிற மாதிரி விட்டுவிட்டு உள்ளே போகப் பழகிக்கொண்டேன். நீ கடைசிவரை போட்டுக்கொண்டே உள்ளே வந்தாய்.

தினமும் காலையில் என் போனுக்கு உன் செய்தி வரும். நிலையத்தின் எண், கருவி காட்டிய அளவு, அப்புறம் உன் குறிப்பு. 'ரெண்டு. காக்கா கொயாய்ல குச்சி வெச்சிகீது. பேஜாரு.' 'நாலு. கரண்டு வந்து வந்து போவுது. பேஜாரு.' 'மூணு. காத்து கலீஜ்.' அதையெல்லாம் நான் அப்படியே கணினியில் குறிப்பு என்கிற கட்டத்தில் ஏற்றுவேன். சேர்ந்த புதிதில் எனக்கே குழப்பம்தான். கருவியின் கோடு திடீரென்று செங்குத்தாக ஏறினால் அது கருவியின் கோளாறா, காற்றின் கோளாறா என்று திரையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மூன்றாம் எண் நிலையம் எண்ணூரில் ஒரு பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் இருந்தது. ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். ஏணியை நான் பிடிக்க, நீ மேலே ஏறி உப்புப் பூத்த குழாயைத் துணியால் துடைத்தாய். அங்கிருந்தே கத்தினாய்.

"இன்னாமே, ரெண்டும் ஒண்ணுன்னு நென்சிகினியா? பேஜாருன்னா மிஷினு பொய் சொல்லுது. கலீஜ்னா மிஷினு மெய்ய சொல்லுது. பேஜார தூக்கிக் கடாசு. கலீஜ் மேல கைய வெச்ச, உன்னிய சும்மா வுட மாட்டேன்."

"ஒழுங்கா தமிழ்ல எழுதினாதான் என்ன?" என்றேன். ஆபீஸ் தமிழில்தான் கேட்டேன்.

"இது இன்னா இங்கிலீஷா? எங்க ஆத்தாவுக்கு பிரியும், உங்க ஆத்தாவுக்கு பிரியும். மிஷினுக்கு இன்னா பாஷ தெரியும், அத்தச் சொல்லு" என்று சிரித்தாய்.

இதைத்தான் உன் மேல் கோபம் என்றேன். 'கருவி பழுது', 'காற்று மாசு' என்று நீ நாலு வார்த்தை எழுதித் தொலைத்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது. எழுதிய பிறகு படித்துப் பார்க்கிறேன், அபத்தமாக இருக்கிறது. நீ எழுதியது சரி. அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் சரியில்லை.

புதுத் தொழில்நுட்பம் வந்ததால் எல்லாம் பாழ் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அது வராதா என்று தவம் கிடந்தவர்கள் நாம்தானே? ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு விதமான கோப்பு, ஒன்றை ஒன்றோடு பொருத்திப் பார்க்கவே எனக்கு ஒரு வாரம் போகும். எல்லாம் ஒரே இடத்தில், யாரும் திறந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று நான் மனு மேல் மனு எழுதினேன். உனக்கு ஆசை இன்னும் பெரிது. "எங்கம்மா மீன் கூடையத் தூக்கறதுக்கு முன்னால போன்ல பாக்கணும்மே, இன்னிக்கு காத்து இன்னா கண்டிசன்னு. நாத்தம் அடிக்குதுன்னு சொன்னா எவனும் நம்ப மாட்டறான். நம்பர காட்டினா நம்புவான்ல?"

அந்தப் புது அமைப்பு வருவதற்கு நாலு மாதம் முன்னால் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி உன்னை அடித்துப் போட்டுவிட்டுப் போனது. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். உன் இடத்துக்கு ஆள் போடவும் இல்லை. கருவி கெட்டால் இனி கணினியே கண்டுபிடித்துக்கொள்ளும் என்றார்கள்.

பழைய அளவுகளைப் புது இடத்துக்கு மாற்றும் வேலைக்கு ஓர் இளைஞர் கூட்டம் வந்தது. கெட்ட அளவு எது, நல்ல அளவு எது என்று நம் பழைய பதிவுகளைப் பார்த்து புது அமைப்பின் செயற்கை நுண்ணறிவு கற்றுக்கொள்ளும். பிறகு வருகிற அளவுகளைத் தானே சலிக்கும். கெட்டது என்று பட்டால் நீக்கிவிட்டு, பக்கத்து நிலையங்களின் சராசரியை அங்கே நிரப்பும். அதுதான் தெருவில் மின்பலகையில் ஓடும். அதற்கு முதலில் நம் குறிப்புக் கட்டத்தில் இருக்கிற சொற்களுக்கு ஒரு பொருள் அட்டவணை வேண்டும். அதை நிரப்பித் தரும் பொறுப்பு எனக்கு.

கூட்டத்தில் திரையில் உன் சொற்களைப் போட்டார்கள். வந்தவர்களில் வெளியூர்க்காரரான ஒரு பொறியாளர் மரியாதையாகத்தான் கேட்டார். "மேடம், இந்த ரெண்டு வார்த்தை ஆயிரக்கணக்கான இடத்துல வருது. கலீஜ், பேஜாரு. என்ன அர்த்தம்?"

அறை முழுக்கச் சிரிப்பு. யாரோ சினிமாக் காமெடி மாதிரி அதைச் சொல்லிக் காட்டினார்கள். எங்கள் அதிகாரி கையை ஆட்டினார். "அது இந்தப் பக்கத்து லோக்கல் பாஷை. ரெண்டும் மோசம்னுதான் அர்த்தம். போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்து சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். சொன்னால் "உங்களுக்கு எப்படி மேடம் இது தெரியும்?" என்று அடுத்த கேள்வி வரும். நான் எங்கே பிறந்தேன் என்பது வரும். பன்னிரண்டு வருஷம் காப்பாற்றி வைத்த என் ஆபீஸ் தமிழ் அந்த அறையில் கழன்று விழும். இரண்டு கட்டத்திலும் 'மோசமான தரவு' என்று தட்டினேன். அதிகாரி "வெரி குட்" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. சதி எதுவும் இல்லை. யாரும் எந்த ஆலைக்காரனிடமும் கை நீட்டவில்லை. இயந்திரமும் ஒரு தப்பும் செய்யவில்லை, நான் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகப் படித்துக்கொண்டது. காற்று மிக மோசமாகிற நேரத்தையெல்லாம் கருவிக் கோளாறு என்று அதற்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். மோசம் என்று குறித்த பழைய அளவுகளைப் புது இடத்துக்குக் கொண்டுபோகவில்லை. பழைய கணினியில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டார்கள். நீ மாடி மாடியாக ஏறி இறங்கியதெல்லாம் ஒரே மதியத்தில் போயிற்று. அப்போது எனக்கு அது உறைக்கக்கூட இல்லை. பசித்தது, போய்ச் சாப்பிட்டேன்.

போன மாதம் உன் அம்மா அலுவலகத்துக்கு வந்தார்கள், குப்பத்துப் பெண்கள் ஐந்தாறு பேரோடு. அங்கே இருக்கிற ஓர் ஆலையை இன்னும் பெரிதாக்கப் போகிறார்களாம், அதற்குக் கருத்துக்கேட்புக் கூட்டம். காற்று ஏற்கெனவே கெட்டுக் கிடக்கிறது என்று சொல்ல நம்பர் வேண்டும் என்று கேட்டார்கள். மூன்றாம் நிலையத்தின் பழைய அளவுகளை அச்செடுத்துக் கொடுத்தேன். கோடு குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது. ஒரு மேடு இல்லை.

உன் அம்மா காகிதத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்கள். "எம்பொண்ணு தெனம் மாடி ஏறி எய்தினாளே கண்ணு. வூட்டுக்கு வந்து, இன்னிக்கு காத்து கலீஜ்மா, கொயந்திங்கள வெளிய வுடாதன்னு சொல்லுவாளே. அது இதுல எங்க கீது?"

அப்போதுதான் உறைத்தது. உன் அம்மா வாயிலிருந்து அந்தச் சொல் வந்த பிறகுதான்.

அதிகாரியிடம் ஓடினேன். அட்டவணையில் தப்பு, இயந்திரம் தப்பாகப் படித்திருக்கிறது, நிறுத்திச் சரிசெய்ய வேண்டும் என்றேன். "சிஸ்டம் திறப்பு விழா முடிஞ்சு போச்சும்மா. மத்த ஊருக்காரங்க வந்து பாத்துட்டுப் போறாங்க. ஒரு ஒப்பந்தப் பணியாளர் கொச்சையா எழுதின குறிப்பை வெச்சு இப்ப எல்லாத்தையும் கலைக்கச் சொல்றீங்களா?" என்றார். கொச்சை. அதைத்தானே நானும் அத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்?

மிச்சம் இருந்தது என் போன் ஒன்றுதான். உன் செய்தி ஒன்றைக்கூட நான் அழித்ததில்லை. காக்காக் குச்சி, கரண்டு, நடுவில் "நாஸ்டா துன்னியா" என்று ஒரு விசாரிப்பு, அப்புறம் 'மூணு. காத்து கலீஜ்', பக்கத்தில் அளவு. மூன்றாம் நிலையத்தின் ஒவ்வொரு கலீஜையும் நாளோடும் அளவோடும் பெயர்த்து எழுதினேன். கலீஜ் என்று இருந்ததை மட்டும் எடுத்தேன், பேஜார் ஒன்றுகூட உள்ளே வரவில்லை. எழுத எழுத உன் குரல் கேட்டது, எரிச்சலாகவும் இருந்தது. இதைச் சொல்ல உனக்கு ஒரு தடவை போன் பண்ண முடியவில்லையே என்று.

அதை எடுத்துக்கொண்டு உன் அம்மாவோடு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனேன். மேடையில் இருந்த வேறோர் அதிகாரி என் காகிதங்களைப் புரட்டினார். "அதென்ன, கலீஜ்? அப்படின்னா என்ன?"

அதே கேள்வி. இங்கேயும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மைக் என் கையில் இருந்தது.

"கலீஜ்னா மிஷினு மெய்ய சொல்லுது சார்" என்றேன். "பேஜாருன்னாதான் மிஷினு கெட்டுகீதுன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணுன்னு எய்தினது நான்தான். எங்க ஆபீஸ்ல சிரிப்பாங்கன்னு வெக்கப்பட்டுகினு எய்திட்டேன். இத்த எய்தினவ மெய்யா எய்திகீறா. அவ செத்துட்டா. நான் உசுரோட கீறேன், என்னிய கேளுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பரிசீலிப்போம் என்றார்கள். அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெளியே வந்ததும் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீ எந்தப் பேட்டைமே?"

"வியாசர்பாடி."

"எம்பொண்ணு ஒரு வார்த்த சொல்லல பாரு. இத்தினி நாளு இந்தப் பேச்ச எங்க வெச்சிருந்த?"

நீ என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை, உன் அம்மாவிடம்கூட. அது எனக்கு இப்போதுதான் தெரிய வேண்டுமா?

மறுநாள் அந்தப் பொறியாளர் தானே போன் செய்தார். நீங்கள் அதிகாரபூர்வமாக எழுதிக் கொடுத்தால் இயந்திரத்துக்குத் திரும்பக் கற்றுக்கொடுக்கலாம், கஷ்டமே இல்லை என்றார். அதே நாள் மாலை மெமோ வந்தது. அனுமதியில்லாமல் பொதுக்கூட்டத்தில் பேசியது ஏன், இரண்டு சொற்களின் பொருளும் தெரிந்திருந்தும் அட்டவணையில் தவறாக நிரப்பியது ஏன், என்று இரண்டு கேள்வி. வேலை நிலைக்குமா தெரியவில்லை. அது போனாலும், திருத்தம் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். அதுவரை தேரடியில் அந்தப் பலகை பச்சையாகத்தான் எரியும்.

பதில் எழுதிவிட்டேன். முதல் கேள்விக்கு: அவள் பேச முடியாது, அதனால் நான் பேசினேன். இரண்டாவதற்கு: வெட்கம். கீழே திருத்தம் என்று போட்டு நீ மாடியிலிருந்து கத்தினதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன், "கைய வெச்ச, உன்னிய சும்மா வுட மாட்டேன்" உட்பட. நாளைக்கு அதிகாரி இதென்ன என்று கேட்டால் உன் பாஷையிலேயே வாசித்துக் காட்டுவேன்.

உன் பாஷை என்று எழுதிவிட்டேன் பார். அடித்துவிட்டேன். என் பாஷையில்.